டிபிக்கு வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் போதுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 36 வயது, வெல்டிங் பட்டறையில் வேலை. இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். 58 கிலோ இருந்தவர் 47 கிலோவுக்கு இறங்கிவிட்டார். உயரம் ஐந்தடி ஆறங்குலம். சளியைப் பரிசோதித்து டிபி என்று சொன்னார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து, "அட்மிஷன் தேவையில்லை, வீட்டிலிருந்தே சாப்பிடட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரமாகச் சாப்பிடுகிறார். என் மாமியாருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. அவருடைய அண்ணன் அந்தக் காலத்தில் தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கிப் பிழைத்து வந்தவராம். "இல்லாதவங்கன்னு துரத்தி விட்டுட்டாங்க" என்று தினமும் அழுகிறார். எங்களுக்கு ஒரே அறைதான். 3 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டோம். சுகாதார நிலையத்திலிருந்து ஒருவர் வண்டியில் வந்து வாசலில் நிற்கிறார், தெருவே பார்க்கிறது. வர வேண்டாம் என்று சொல்லலாமா? எச்.ஐ.வி.க்கு வேறு ரத்தம் எடுத்தார்கள், அது அவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. கடன் வாங்கியாவது தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கட்டுமா? பிள்ளைகளை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?

பதில்:

கடன் வாங்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அவர்கள் கொடுக்கப்போவது இதே நான்கு மருந்துகளைத்தான். அந்த மருந்து உங்கள் வீட்டுக்கு இலவசமாக வந்து சேர்ந்துவிட்டது. கட்டிலுக்கும் அறை வாடகைக்கும் வட்டி கட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இப்போது இல்லை.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கினார், 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் சென்னை மின்சார ரயிலில் அந்தப் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அந்தக் காலத்தில் டிபி என்றால் நல்ல காற்று, பால், முட்டை, முழு ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை என்றுதான் உலகம் முழுக்க வைத்தியம். மருந்து வந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. ஆனால் நாட்டில் இருந்த கட்டில்கள் நோயாளிகளில் ஒரு சிறு பகுதிக்குக்கூடப் போதாது. அப்படியானால் மற்றவர்கள் கதி?

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது நம் சென்னையில்தான். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் முன்னின்று நடத்தினார். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். நகரத்தின் ஏழை டிபி நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, இன்னொரு பாதி தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

1959-ல் முடிவு வெளிவந்தது. வருடக் கடைசியில் நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறிய வித்தியாசமும் போய், இரண்டு பக்கமும் 90 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வு குறைவு, பலர் கொஞ்ச நாளிலேயே வேலைக்கும் போனார்கள். அப்படியிருந்தும் இந்த முடிவு. உங்களுக்கு இன்னும் முக்கியமானது வேறொன்று. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா என்றும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முந்தைய மாதங்களிலேயே தொற்றிவிடுகிறது. உலகம் முழுக்க டிபி சானடோரியங்கள் காலியானதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஆகவே உங்களை யாரும் துரத்திவிடவில்லை. மாமியாரிடம் இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கதையை மேடையில் சொல்லும்போது பாதியைத்தான் சொல்வார்கள். மீதிப் பாதிதான் உங்கள் வாசலில் வண்டியோடு நிற்பவரைப் பற்றியது.

அன்று வீட்டிலிருந்த நோயாளிகளிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு, போய் வாருங்கள் என்று விட்டுவிடவில்லை. மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் எடுத்து, அதில் ஒரு ரசாயனத்தை விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மாறினால் மருந்து உள்ளே போயிருக்கிறது, மாறாவிட்டால் கூரை ஓட்டிலோ சாக்கடையிலோ போயிருக்கிறது. பிறகு சண்டை பிடிக்காமல் ஏன் என்று விசாரிப்பார்கள். வயிற்றைப் புரட்டியதா, வேலைக்குப் போக நேரமானதா, வீட்டில் தகராறா என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி செய்கிற வேலையில் கட்டிலைத் தவிர மற்றதெல்லாம் வீடு தேடிப் போனது. அதனால்தான் அந்த 86 வந்தது என்பது என் கருத்து. மாத்திரை மட்டும் போய் ஆள் போகாத இடங்களில் வீட்டு வைத்தியம் எவ்வளவு மோசமாகத் தோற்கும் என்பதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனவே வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எப்படி வர வேண்டும் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வரச் சொல்லலாம். வாசலில் நின்று சத்தமாக விசாரிக்காமல் உள்ளே வந்து பேசச் சொல்லலாம். அல்லது வாரம் ஒருநாள் உங்கள் கணவரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தினமும் அவர் மாத்திரை போடுவதைப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரே ஏற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டு சிகிச்சை என்ற பெயரில் எல்லாச் சுமையையும் மனைவி தலையில் வைப்பது நம் ஊரில் சத்தமில்லாமல் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் மாமியார் மகனுக்காக அழுவதற்குப் பதில் காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கட்டும். அவருக்கும் நம்பிக்கை வரும்.

சரி, அட்மிஷன் தேவையில்லை என்று எதை வைத்துச் சொன்னார்கள்? இதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத டிபி நோயாளிகளும் உண்டு. டிபியால் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்தான் இறக்கிறார்கள். இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். டிபி என்று தெரிந்த உடனேயே சில எளிய விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எடை, உயரம், காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. இவ்வளவுதான். எக்ஸ்ரே வேண்டாம், லேப் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் ஒரு நர்ஸ் பார்த்துவிடலாம்.

எடையை உயரத்தோடு ஒப்பிட்டு பி.எம்.ஐ. என்று ஒரு எண் கணக்கிடுவார்கள். அது 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அட்மிஷன். 16 வரை இருந்து காலில் வீக்கமும் இருந்தால் அட்மிஷன். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலே போனாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ, ஆள் பிடித்தால்தான் நிற்க முடியும் என்றாலோ அட்மிஷன். நீங்கள் எழுதிய எடைக்கும் உயரத்துக்கும் உங்கள் கணவரின் எண் 16.7 வருகிறது. அந்த அபாயக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார். ஆனால் 18.5 இருந்தால்தான் சரியான எடை. அவர் உயரத்துக்கு அது சுமார் 52 கிலோ. ஆக மெலிந்திருக்கிறார், கவனமாகப் பார்க்க வேண்டும், கட்டில் தேவையில்லை. மூச்சையும் ஆக்சிஜனையும் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நாளைக்கே கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் எப்போதாவது மேலே சொன்னவற்றில் ஒன்று தென்பட்டாலும், இருமும்போது ரத்தம் அதிகமாக வந்தாலும், அடுத்த வாரம் வரும் ஆளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. 1956 ஆய்வில் குறைவாகச் சாப்பிட்டவர்களும் குணமானார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதை வைத்து, மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று டாக்டர்களே பல காலம் பேசினார்கள். அது அரைகுறைப் பாடம். கிருமியைக் கொல்வது மருந்துதான், மறுப்பில்லை. ஆனால் எலும்பும் தோலுமாக இருப்பவர் கிருமி சாகும்வரை தாக்குப்பிடிக்க வேண்டுமே? ஜார்கண்டில் 4 மாவட்டங்களில் 2019-லிருந்து நடந்த ஒரு ஆய்வு இதைத் தெளிவாக்கிவிட்டது. 2,800 டிபி நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் சாவு 61 சதவீதம் குறைவாக இருந்தது. இன்னொரு பக்கம், நோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் ஒரு பிரிவினருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, அரிசியும் பருப்பும்தான்.

உங்கள் கணவருக்கு 5 சதவீதம் என்றால் சுமார் இரண்டரைக் கிலோ. இரண்டு மாதத்தில் 47-லிருந்து 49.5-க்காவது வர வேண்டும். டானிக், புரோட்டீன் பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டாம். தினம் இரண்டு முட்டை, கெட்டியான சாம்பார், சுண்டல், வேர்க்கடலை, கிடைத்தால் பாலோ மோரோ, சோற்றில் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய். பசி இல்லை என்பார், முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும். மூன்று வேளை முழுத்தட்டாக வைக்காமல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவருக்கு மட்டும் முட்டை வைத்துவிட்டு நீங்கள் ரசம் சோறோடு எழுந்துவிடாதீர்கள். அந்த ஆய்வில் பருப்பு வீட்டார் தட்டுக்கும் போனது. சாப்பாட்டுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு வரை 500-ஆக இருந்தது. ஆதார் இணைத்த கணக்கு எண்ணைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் வண்டியில் வருகிறாரே, அவரிடமே கொடுங்கள்.

மாத்திரையைப் பற்றிச் சில விஷயங்கள். 47 கிலோவுக்கு நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை தினம் மூன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் போட வேண்டும். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிரிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள், அது மருந்தின் சாயம். பயப்பட வேண்டியவை வேறு. கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, பார்வை மங்குவது, நிறம் சரியாகத் தெரியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைய மாத்திரையைப் போடாமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும். பாதம் மதமதப்பாக இருந்தால் சொல்லுங்கள், அதற்கு ஒரு வைட்டமின் மாத்திரை போதும். குடிப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, பட்டறை வேலை என்பதால் கேட்கிறேன். இந்த மருந்துகளுக்கும் சாராயத்துக்கும் ஒரே ஈரல்தான். ஆறு மாதம் அறவே கூடாது. பீடி, சிகரெட்டுக்கும் அதே கதிதான்.

ஒரு மாதத்தில் இருமல் நின்று, முகம் தெளிந்து, "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்பார். அந்த வாக்கியம்தான் எனக்கு டிபி கிருமியைவிட அதிகப் பயம். அப்போது கிருமி குறைந்திருக்கும், போயிருக்காது. நடுவில் விட்டால் திரும்ப வருவது மருந்துக்கு அடங்காத டிபியாக இருக்கலாம். இரண்டு மாத முடிவில் சளியை மறுபடி பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால்கூட இன்னும் நான்கு மாதம் பாக்கி.

தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டிபி தட்டிலும் துண்டிலும் பரவாது, இருமும்போதும் பேசும்போதும் வருகிற காற்றில் பரவுகிறது. தட்டைப் பிரித்து வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தித் தூங்கும் வீடுகள்தான் அதிகம். நீங்கள் ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். ஒரே அறை என்பதால் முதல் இரண்டு வாரம் அவர் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ படுக்கட்டும், வீட்டுக்குள் இருக்கும்போது மாஸ்க் போடட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் பொதுவாக இரண்டு வாரத்தில் தொற்று வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு வாரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அப்புறம் பிள்ளைகள் மடியில் ஏறினால் தடுக்க வேண்டாம். வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை அடுத்த முறை எடை பார்க்கும்போது டாக்டரிடம் கேளுங்கள். வெல்டிங் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல, ஒரு மாதமாவது போகட்டும்.

எச்.ஐ.வி. பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை இரண்டும் டிபி வந்த எல்லோருக்கும் செய்கிறார்கள். கலெக்டருக்கு டிபி வந்தாலும் செய்வார்கள். இரண்டில் எது இருந்தாலும் டிபி முரண்டு பிடிக்கும், சிகிச்சையில் சில மாற்றம் செய்ய வேண்டும், அதற்காகத்தான். ரத்தம் எடுக்கும் முன்பு இதை ஒரு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர்கள் தவறு, உங்கள் கணவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

இனி பிள்ளைகள். அம்மா வீட்டுக்கு அனுப்புவதால் பெரிய பயன் இல்லை. இரண்டு மாதம் அவரோடு ஒரே அறையில் படுத்திருந்தவர்கள். போகிற ஊருக்கும் அந்தச் சந்தேகத்தோடுதான் போவார்கள். இருவரையும், உங்களையும், மாமியாரையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். இருமல், காய்ச்சல், எடை ஏறாமல் நிற்பது இவற்றில் எதுவும் இல்லை, டிபி இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள். ஒரே மருந்து, தினமும் ஆறு மாதம். வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம் கொடுக்கும் முறையும் இருக்கிறது, யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்வார். மூன்று வயதுப் பிள்ளைதான் எனக்கு அவசரம். ஐந்து வயதுக்குக் கீழே டிபி வந்தால் சில சமயம் மூளை வரை போய்விடும். நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று மாமியார் கேட்பார். நல்லா இருக்கும்போது கொடுத்தால்தான் அது தடுப்பு மாத்திரை. அவருக்குச் சர்க்கரை இருந்தால் அவரையும் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு நோய் இல்லை, யாரும் கேட்கவும் உரிமை இல்லை. தெருவில் கேட்டால் நெஞ்சுச் சளி, மருந்து சாப்பிடுகிறார் என்று சொல்லி முடித்துவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க நீங்கள் யாருக்கும் கடமைப்படவில்லை.

இத்தனைக்கும் பிறகு, கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன்னால் சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரின் பதிவு எண்ணை வைத்து அந்த ஊரிலேயே மாத்திரை வாங்கலாம், பிள்ளைகளின் தடுப்பு மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். போய்ச் சேரும் நாளுக்கும் அங்கே பதிவு மாறும் நாளுக்கும் நடுவில் மாத்திரை தீர்ந்துவிடாமல் இருக்க, பத்து நாளுக்குக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தாலோ, வேறு எதற்காவது அலைக்கழித்தாலோ டிபிக்கான இலவச எண் 1800-11-6666. தமிழிலேயே பேசலாம்.